முப்பத்தொன்றாவது வாளி

மண் பரிசோதனைக் கூடத்தில் அவரை எல்லோரும் மணலண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், பின்னால் யார் நிற்கிறார்கள் என்று அவரே ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பொறியியல் கல்லூரியைக் கட்டும்போது செங்கல் சுமக்க வந்தவர். கட்டடம் முடிந்ததும் கூட வந்தவர்கள் அடுத்த வேலையைப் பார்த்துப் போய்விட்டார்கள். மணல் மூட்டைகளை உள்ளே அடுக்கிக் கொடுக்க இவர் மட்டும் ஒரு வாரம் தங்கினார். அந்த ஒரு வாரம் முப்பத்து மூன்று வருஷமாகியும் முடியவில்லை.

என்ன வேலை என்று கேட்டால், "மணல் கொட்றேன், அப்புறம் கொட்டின மணலை அள்றேன்" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். உண்மையிலேயே அதுதான் வேலை.

கூடத்தின் நடுவில் நீளமான ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு நீளம். அதன் ஒரு பக்கம் முழுக்கக் கனத்த கண்ணாடி. பெட்டிக்குள் ஒரு ஓரத்தில் கெட்டியான இரும்புத் தகடு நிற்கும். அதுதான் சுவர். வெளியே இருக்கிற சக்கரத்தைச் சுற்றினால் அந்தத் தகடு நூல் நூலாக முன்னே நகர்ந்து, எதிரே நிரப்பியிருக்கும் மணலை நெட்டித் தள்ளும். மணல் எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்று ஒரு முள் காட்டும். தள்ளத் தள்ள முள் ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் மணல் விட்டுக்கொடுக்கும். அது விட்டுக்கொடுக்கிற விதம்தான் அதிசயம். சுவரை ஒட்டி உடையாது. சுவரின் அடியிலிருந்து ஒரு கோடு கிளம்பி, சரிந்து சரிந்து எங்கேயோ தூரத்தில் போய் மேல்மட்டத்தைத் தொடும். அந்தக் கோட்டுக்கு மேலே உள்ள மணல் மொத்தமும், விறகு பிளக்கிற ஆப்பு மாதிரி ஒரே துண்டாகப் புறப்பட்டு மேலே எழும்பும். கண்ணாடி ஓரமாக அடுக்குக்கு அடுக்கு கறுப்பு மணலால் மெல்லிசாகக் கோடு போட்டு வைத்திருப்பார். அந்தக் கோடுகள் ஒடிந்து நிற்கிற இடத்தைப் பார்த்தால், ஆப்பு எங்கே கிளம்பி எங்கே முடிகிறது என்று சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்கும்.

சூட்சுமமெல்லாம் மணலைக் கொட்டுவதில்தான். சும்மா அள்ளிப் போட்டுவிட முடியாது. மேலே சங்கிலியில் ஒரு தகரத் தொட்டி தொங்கும். அதன் அடியில் சல்லடை மாதிரி ஓட்டைகள். தொட்டியை முன்னும் பின்னும் நகர்த்தினால் மணல் தூறலாக விழும். உயரத்திலிருந்து விழுந்தால் இறுகி உட்காரும். தாழ்வாக விழுந்தால் பொலபொலவென்று உட்காரும். உயரத்தைச் சரிபார்க்கத் தொட்டியில் ஒரு கயிறு, கயிற்று நுனியில் பித்தளைக் குண்டு. கயிற்றில் இரண்டு முடிச்சு. நீல முடிச்சில் மாட்டினால் கயிறு நீளம், அது இறுகின மண்ணுக்கு. சிவப்பு முடிச்சில் மாட்டினால் கயிறு குட்டை, அது பொலபொல மண்ணுக்கு. குண்டு மணலைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். மட்டம் ஏற ஏறத் தொட்டியையும் தூக்கிக்கொண்டே போக வேண்டும். இருபது கிலோ வாளி ஒன்று உள்ளே போனால் கூடத்துச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு.

தொட்டியை ஒரே சீராக நகர்த்த மணலண்ணன் ஒரு வழி வைத்திருந்தார். மனதுக்குள் ஒரு பிரார்த்தனை சொல்லுவார். அம்மா சொல்லிக் கொடுத்த எட்டு வரி. முதல் வரியில் தொட்டி இந்த முனையில் கிளம்பினால் எட்டாவது வரியில் அந்த முனையில் நிற்கும். அப்படிப் பார்த்தால் அந்தக் கூடத்தில் அவர் கொட்டிய மணலைவிடச் சொன்ன பிரார்த்தனைதான் அதிகம்.

வீடு பஸ் டிப்போவுக்குப் பின்னால், மூன்றாவது மாடியில் ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும். மனைவி இருந்த காலத்தில் அவரை வாசலிலேயே நிறுத்திவிடுவாள்.

"சட்டையை உதறுங்க. காலை உதறுங்க. அந்தப் பாக்கெட்டையும் வெளியில இழுத்து உதறுங்க. கட்டில்ல படுக்கறோமா ஆத்துமணல்ல படுக்கறோமான்னே தெரியல எனக்கு."

அவள் போய் ஏழு வருஷம். இன்றைக்கும் கடைசிப் படியில் நின்று பாக்கெட்டை இழுத்து உதறிவிட்டுத்தான் பூட்டைத் திறக்கிறார். உள்ளே இரண்டு தட்டு இருக்கிறது. ஒன்றைத்தான் கழுவுகிறார். இன்னொன்று கழுவ வேண்டிய அவசியமில்லாமல் அலமாரியில் பளபளவென்று நிற்கிறது. ஒரே மகள் தூரத்து ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் வரும்.

"சாப்டியாப்பா?"

"சாப்டேன்."

"மாத்திரை?"

"போட்டாச்சு."

"அப்புறம்?"

அந்த 'அப்புறம்' வந்ததும் இரண்டு பேருக்கும் பேச்சு தீர்ந்துபோகும். மகள்மேல் குற்றம் சொல்ல முடியாது. அவளுக்கு இரண்டு பிள்ளை, வேலை, மாமியார். அவளிடம் மணலைப் பற்றி என்னவென்று சொல்வது? "சரிப்பா, வெக்கட்டா?" என்பாள். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருப்பார்.

மதியச் சாப்பாடு கூடத்தின் ஜன்னலோரப் பெஞ்சில். ஆறு வருஷமாக அந்தப் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். ஒரு நாள் கேன்டீனில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு அம்மாள் சாப்பாட்டு டப்பாவோடு வந்து நின்றார்.

"அண்ணே, கொஞ்சம் நகருங்க."

ஆறு வருஷத்தில் அவரை நகரச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அந்த அம்மாளுக்கு நாற்பத்தாறு வயது. வேறு ஊரில் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவர். வீட்டுக்காரரிடமும் இரண்டு பிள்ளைகளிடமும் சொல்லிக்கொண்டு, ஆராய்ச்சிப் பட்டம் வாங்க இங்கே வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தார். மணலண்ணன் அவரை டீச்சர் என்று கூப்பிட்டார். கேன்டீனில் மறுநாளே தண்ணீர் வந்துவிட்டது. டீச்சர் ஏனோ பெஞ்சுக்கே வந்துகொண்டிருந்தார்.

"என்னண்ணே, பஸ் கிளம்பிடுமா? இப்படி முழுங்கறீங்க?"

"தனியா சாப்பிட்டே பழகிடுச்சு டீச்சர். பேச ஆளில்லன்னா வாய்க்கு ஒரே வேலைதானே."

"இனிமே ரெண்டு வேலை. மெதுவாச் சாப்பிடுங்க."

சில நாள் ஸ்டோர்காரர் எட்டிப் பார்ப்பார். அவருக்கும் மணலண்ணனுக்கும் ஒரே வயது, ஒரே வருஷத்தில் வேலைக்கு வந்தவர்கள்.

"என்ன மணலு, இன்னிக்கு யாருக்கு ஆப்பு?"

"உனக்குத்தான்யா. வந்து பெட்டிக்குள்ள நீட்டிப் படு. சக்கரத்தை நான் சுத்தறேன்."

"சுத்துவே, சுத்துவே. என் தொப்பையைத் தள்ள உன் சக்கரத்துக்கு ஏது தெம்பு?"

டீச்சருக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிடும்.

டீச்சருடைய ஆராய்ச்சி என்னவென்று அந்தப் பெஞ்சில்தான் அவருக்குத் தெரிந்தது. பாலிடெக்னிக்குக்குப் பின்னால் மேட்டுமண் சரியாமலிருக்க ஒரு சுவர் கட்டியிருந்தார்களாம். ஒரு விடுமுறை நாளில் அந்தச் சுவர் அப்படியே வழுக்கிக்கொண்டு முன்னால் வந்து சைக்கிள் கொட்டகையை நசுக்கிவிட்டது. ஆட்கள் யாரும் இல்லாதது கடவுள் புண்ணியம்.

"எல்லாரும் பின்னாடி மண்ணைத்தாண்ணே பார்ப்பாங்க. அதுதானே சுவரைத் தள்ளுது. முன்னாடி காலடியில கிடக்கற மண்ணை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கறதில்ல. ஆனா அதுதான் சுவரோட காலைப் பிடிச்சுக்கிட்டு 'எங்க போறே, நில்லு'ங்குது. எவனோ குழாய் போடறேன்னு அந்த மண்ணைத்தான் வெட்டினான். அப்புறம் சும்மா தள்ளி மூடிட்டான். மேலே பார்த்தா மண்ணு இருந்த மாதிரியே இருக்கு. ஆனா பிடி போயிடுச்சு."

இறுகின மண் எவ்வளவு பிடிக்கும், வெட்டிப் பொலபொலவென்று மூடின மண் எவ்வளவு பிடிக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். டீச்சருடைய ஊர் ரோடு ஆபீஸில் புதுச் சுவர் கட்ட அந்தக் கணக்குக்காகத்தான் காத்திருந்தார்கள். பதினான்கு மாதத்தில் பதினொரு பெட்டி போட்டார்கள். எல்லாம் இறுகின மண். எல்லாம் நீல முடிச்சு. ஒவ்வொரு பெட்டிக்கும் முப்பத்திரண்டரை வாளி மணல் பிடித்தது. முள் நானூற்றைம்பது கிலோவை ஒட்டியே ஏறி நின்றது. பன்னிரண்டாவதுதான் கடைசிப் பெட்டி. அதற்குச் சிவப்பு முடிச்சு. கணக்குப்படி முப்பது வாளிதான் பிடிக்க வேண்டும்.

அந்தக் கடைசிப் பெட்டியை ஒரு புதன்கிழமை கொட்டினார். காலையில் சிவப்பு முடிச்சில்தான் மாட்டினார். பதினாறு வாளி போயிருந்தது, சுவரில் பதினாறு கோடு இருந்தது. தொட்டியை நிரப்புவதற்காகக் கயிற்றைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

"சனிக்கிழமை பதினோரு மணி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துட்டேண்ணே" என்றார் டீச்சர். "சின்னவன் நாள்காட்டில கட்டம் கட்டமா அடிச்சுக்கிட்டிருக்கான். இன்னும் மூணே கட்டம்தானாம்."

"நல்லதும்மா. பிள்ளைங்க ஏங்கிப் போயிருக்கும்" என்றார் மணலண்ணன். மனதாரத்தான் சொன்னார். சொல்லிவிட்டு டப்பாவை மூடினார். உள்ளே பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

மதியம் டீச்சர் மூட்டை கட்டப் போய்விட்டார். மணலண்ணன் கயிற்றை எடுத்து மாட்டினார். பதினான்கு மாதமாகப் பழகின கை, தானாக நீல முடிச்சைத் தேடிப் போய் மாட்டியது. அவர் பார்க்கவில்லை. உதடு எட்டு வரியைச் சொன்னது, கை தொட்டியை நகர்த்தியது. மனம் மட்டும் வரப்போகிற திங்கட்கிழமை மதியம் ஒரு மணிக்குப் போய் அந்தப் பெஞ்சின்மேல் உட்கார்ந்துகொண்டு வர மறுத்தது. பெட்டி நிறைந்த பிறகு சுவரைப் பார்த்தார். பதினாறு கோட்டோடு நின்றிருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கோடுகூடப் போடவில்லை. சாக்பீஸை எடுத்து மடமடவென்று பதினான்கு கோடு இழுத்தார். முப்பதுதானே வர வேண்டும், முப்பதுதான் வந்திருக்கும். முப்பத்து மூன்று வருஷத்தில் எண்ணாமல் போட்ட கோடு அந்தப் பதினான்குதான்.

வியாழக்கிழமை சக்கரத்தைச் சுற்றினார்கள். டீச்சருடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் புரொபசரும் வந்து பக்கத்தில் நின்றார். இருநூற்றுப் பத்துப் பக்கத்தில் மணல் விட்டுக்கொடுத்துவிடும் என்று டீச்சர் எதிர்பார்த்திருந்தார். முள் இருநூற்றுப் பத்தைத் தாண்டியது. இருநூற்றைம்பது, முந்நூறு. முந்நூற்று முப்பதில்தான் தூரத்தில் மணல் மெல்ல முதுகை உயர்த்தியது.

"அடேயப்பா! சும்மா மூடின மண்ணா இவ்வளவு தாங்குது!" டீச்சருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "அப்ப குழாய் போட்டு மூடினாலும் அவ்வளவு மோசமில்லண்ணே."

புரொபசர் தாடையைத் தடவினார். "கொஞ்சம் கூடத்தான் இருக்கு. எத்தனை வாளி?"

டீச்சர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். "முப்பது சார்."

"அப்ப சரி. மணலண்ணன் கொட்டினா தப்பு வராது."

மணலண்ணனுக்கு அது கேட்க இதமாக இருந்தது. அந்த இதம் ஒரு நாள்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் தனியாகப் பெட்டியைக் காலி செய்தார். கொட்டும்போது எண்ணுகிற மாதிரியே அள்ளும்போதும் எண்ணுவார். இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது. முப்பதாவது வாளியைத் தூக்கி வைத்துவிட்டு, துடைப்பத்தோடு பெட்டிக்குள் குனிந்தார். ஒரு மூலையில் இன்னும் மணல் குவிந்திருந்தது. சும்மா ஓரத்தில் ஒட்டியிருக்கும் பிடி மணல் என்று நினைத்து வாரினார். வாரிக்கொண்டே இருந்தார். முப்பத்தொன்றாவது வாளி முழுசாக நிறைந்தது. அதற்கு மேலும் கால் வாளி.

நிமிர்ந்து கயிற்றைப் பார்த்தார். நீல முடிச்சில் மாட்டியிருந்தது.

பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நடந்தது அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. பாதிப் பெட்டி பொலபொல மண், பாதிப் பெட்டி இறுகின மண். முள் காட்டியது பொய். அந்தப் பொய்க் கணக்கைப் பையில் வைத்துக்கொண்டு டீச்சர் நாளைக்கு ஊருக்குப் போகப் போகிறார். அதை நம்பி ஒரு சுவர் எழும்பும். சுவருக்கு முன்னால் எவனாவது மறுபடி குழாய்க்கு வெட்டி மூடுவான். இந்தத் தடவையும் விடுமுறை நாளாகவே பார்த்துச் சுவர் வழுக்கும் என்று யார் சொல்ல முடியும்?

சொல்லிவிட வேண்டியதுதான். சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தார். மணலைச் சலித்துக் கறுப்பு மணலைப் பிரிக்க ஒரு வாரம். மறுபடி கொட்டித் தள்ள ஒரு வாரம். சந்தேகம் தீர இன்னொரு பெட்டி. டீச்சர் இன்னும் மூன்று வாரம் இங்கேயே இருந்தாக வேண்டும்.

மூன்று வாரம் என்று நினைத்த அந்த நேரத்தில் அவர் நெஞ்சுக்குள் என்னவோ ஒன்று சின்னதாகச் சந்தோஷப்பட்டது.

அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத்தான் மணலண்ணன் நடுங்கிப் போனார். கைத்தவறு மனிதர்களுக்கு வரக்கூடியது. ஆனால் இது கைத்தவறுதானா? போகாதே என்று வாய் சொல்ல முடியாததைக் கை செய்துவிட்டதா? அந்தச் சின்னவன் நாள்காட்டியில் கட்டம் அடித்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய அம்மாவை இங்கே பிடித்து வைக்கிற சுவரா நான்? சொன்னால் தனக்கு ஆதாயம், சொல்லாவிட்டால் ஊருக்குக் கேடு. இப்படி ஒரு சிக்கலில் கடவுள் தன்னைக் கொண்டுவந்து நிறுத்துவார் என்று அவர் நினைத்ததே இல்லை.

சாயந்திரம் டீச்சர் கூடத்துச் சாவியைக் கொடுக்க வந்தார். கையில் ஓர் இனிப்பு டப்பா.

"உங்களுக்குத்தாண்ணே. ஒரே வாய்ல முழுங்கிடாதீங்க."

மணலண்ணன் வாங்கிக்கொண்டார். முப்பத்தொன்றாவது வாளி அவர் காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. டீச்சர் அதைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் ஒரு வாளி என்றுதான் நினைத்திருப்பார்.

"என்னமோ சொல்ல வந்தீங்களாண்ணே?"

"ஒண்ணுமில்லம்மா. நல்லபடியாப் போயிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்து, படியில் நின்று பாக்கெட்டை உதறி, விளக்கைப் போட்டு, கண்ணை மூடி எட்டு வரியைச் சொல்ல உட்கார்ந்தார். இரண்டாவது வரிக்கு மேல் போகவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடியும் அங்கேயே நின்றது. ஐம்பது வருஷமாகப் பழகின வரி, அவரைத் தெரியாத மாதிரி நின்றது. இனிப்பு டப்பாவைத் திறக்காமல் அலமாரியில், கழுவ வேண்டியிராத அந்த இன்னொரு தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஹாஸ்டல் வாசலில் போய் நின்றார். டீச்சர் இரண்டு பெட்டி, ஒரு பையோடு இறங்கி வந்தார்.

"அட, வழியனுப்ப வந்தீங்களா! எதுக்குண்ணே சிரமம்?"

"இல்லம்மா. ஒரு தப்பு நடந்துபோச்சு."

எல்லாவற்றையும் சொன்னார். நீல முடிச்சு, எண்ணாத பதினான்கு கோடு, மூலையில் மிஞ்சிய மணல். டீச்சர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"எப்பத் தெரிஞ்சது?"

"நேத்து மத்தியானம்."

"நேத்து சாயந்திரம் நான் வந்தப்ப தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்மா."

டீச்சர் ரோட்டைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார், "வேணும்னே செஞ்சீங்களா?"

அந்தக் கேள்விக்குத்தான் அவர் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தார். இல்லவே இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான்.

"தெரியலம்மா" என்றார். "நீங்க போறீங்களேன்னு மனசு கனத்துப் போயிருந்துச்சு. கை எதை மாட்டுச்சுன்னு நான் பார்க்கல. வேணும்னு செய்யலன்னு நினைக்கறேன். ஆனா நீங்க இன்னும் மூணு வாரம் இருக்கணும்னு புரிஞ்சப்ப, ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அதை மறைச்சுட்டு மத்ததை மட்டும் சொல்ல மனசு வரல."

"என்னண்ணே மனுஷன் நீங்க?" டீச்சருடைய குரல் உடைந்தது. "இல்லன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே! நானும் நம்பிட்டு வேலையைப் பார்ப்பேனே. தெரியலன்னா நான் என்ன செய்யறது?"

டீச்சர் பெட்டிகளைத் திரும்ப மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். மணலண்ணன் ஒரு பெட்டியைப் பிடிக்கக் கை நீட்டினார். "விடுங்க" என்றார் டீச்சர்.

மூன்று வாரம் கிடைத்தது. எதிர்பார்த்த மூன்று வாரம் மாதிரி அது இல்லை. டீச்சர் ஒன்பது மணிக்கு வந்தார், சொல்ல வேண்டியதை மட்டும் சொன்னார். "சலிச்சாச்சா?" "ஆச்சும்மா." "ஈரம் இல்லையே?" "இல்லம்மா." ஒரு மணிக்குக் கேன்டீனுக்குப் போய்விட்டார். மணலண்ணன் பெஞ்சில் தன் பாதியில் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டார். நடுவில் உட்கார ஏனோ கூச்சமாக இருந்தது. ஆறு வருஷம் தனியாகச் சாப்பிட்டபோது தெரியாத தனிமை, அதே கல்லூரியில் டீச்சர் இருக்கும்போதே தனியாகச் சாப்பிட்ட அந்த மூன்று வாரத்தில் தெரிந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு நாள் டீச்சர் போனில் பேசுவது காதில் விழுந்தது. "கட்டமெல்லாம் தீர்ந்துபோச்சாடா கண்ணா? புதுக் கட்டம் போட்டுக்கோ. இல்லடா, யாரும் அம்மாவைப் பிடிச்சு வைக்கல." மணலண்ணன் சல்லடையை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கப்புறம் அந்தப் பக்கம் ஓசை அடங்கும்வரை சலிக்கவில்லை.

ஸ்டோர்காரருக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. "லூசாய்யா நீ? யாருக்குத் தெரியப் போகுது? வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா இனிப்பும் மிச்சம், மரியாதையும் மிச்சம்."

"நீ சொல்றது சரிதான்யா" என்றார் மணலண்ணன். வேறென்ன சொல்வது?

முதல் பெட்டியை டீச்சர் கண் எடுக்காமல் நின்று கொட்ட வைத்தார். முடிச்சைத் தானே மாட்டினார். சாக்பீஸைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, வாளிக்கு வாளி தானே கோடு போட்டார். மணலண்ணன் எட்டு வரியைச் சொல்லித் தொட்டியை நகர்த்தினார். வரிகள் இப்போது தடங்கலில்லாமல் வந்தன. முப்பது வாளியில் பெட்டி நிறைந்தது. மறுநாள் சக்கரத்தைச் சுற்றினார்கள். நூற்றைம்பது, இருநூறு. இருநூற்றுப் பதினான்கில் முள் நின்றது. சத்தமே இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புக் கோடுகள் ஒவ்வொன்றாக ஒடிந்தன. சுவருக்கு எதிரே மணல் சோர்ந்து மேலெழுந்து, யாரோ போர்வைக்குள் புரண்டு படுக்கிற மாதிரி புரண்டது.

டீச்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முந்நூத்தி முப்பதுன்னு எழுதிக் கொடுத்திருப்பேன்" என்றார். அவரிடம் சொன்ன மாதிரியும் இருந்தது, தனக்குத் தானே சொல்லிக்கொண்ட மாதிரியும் இருந்தது.

இரண்டாவது பெட்டியைக் கொட்டுகிற நாள் வந்தது. மணல் காய்ந்து, சலித்து, வாளிகளில் வரிசையாக நின்றது. டீச்சர் வந்தார். கயிற்றை எடுக்கப் போன கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். பையிலிருந்து புது சாக்பீஸ் ஒன்றை எடுத்து மணலண்ணனிடம் நீட்டினார்.

"சின்னவனுக்கு இன்னிக்குப் பரீட்சை முடியுது. பேசணும். நான் வெளியில இருக்கேன். நீங்க கொட்டி முடிச்சுட்டுச் சொல்லுங்க."

மணலண்ணனுக்குப் புரியச் சற்று நேரமானது. "எண்ண வேண்டாமாம்மா?"

"எண்ணணும். நீங்க எண்ணுங்க."

"நீங்களும் இருங்களேன். அன்னிக்கு மாதிரி..."

"எதுக்குண்ணே? எண்ண ஒரு ஆள் போதும்."

மூன்று வாரத்தில் அன்றைக்குத்தான் 'அண்ணே' என்ற வார்த்தை திரும்பி வந்தது. டீச்சர் போனைக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

பெரிய கூடம். மணலண்ணன் தனியாக நின்றார். டீச்சர் இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்றுதான் இன்னமும் அவருக்குத் தோன்றியது. அது தப்பில்லை என்றும் தோன்றியது. கயிற்றை எடுத்தார். சிவப்பு முடிச்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மாட்டினார், விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்தார். முதல் வாளியைத் தூக்கிக் கொட்டினார்.

"ஒண்ணு" என்று வாய்விட்டுச் சொல்லி, சுவரில் ஒரு கோடு போட்டார்.

மணல் தூறியது. கேட்க யாருமில்லாத அந்தக் கூடத்தில் ஒவ்வொரு வாளிக்கும் உரக்க எண்ணினார். பன்னிரண்டு. பதினாறு. பதினாறு முடிந்ததும் சாப்பிட வேண்டிய நேரம் வந்தது, சாப்பிடவில்லை. பதினேழுக்குக் கோடு போடுமுன் முடிச்சை இன்னொரு தரம் பார்த்துக்கொண்டார். இருபத்தொன்பது. பெட்டி விளிம்பைத் தொட இன்னும் ஒரு விரல்கடைதான் இருந்தது.

"முப்பது" என்றார்.

மணல் விளிம்போடு மட்டமாக நின்றது. கடைசிக் கோட்டைப் போட்டுவிட்டு, இருந்தாலும் ஒரு தரம் முதல் கோட்டிலிருந்து விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். சரியாக இருந்தது. சட்டைப் பாக்கெட்டை வெளியில் இழுத்து உதறினார். பிறகு கதவைத் திறந்து, வராந்தாவில் மறுபடியும் மகனோடு பேசிக்கொண்டிருந்த டீச்சர் பேசி முடிக்கும்வரை கொஞ்சம் தள்ளியே நின்றார்.